ஜியார்டியா குடல் தொற்று: ஆய்வக மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு சிறிய ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மலப் பரிசோதனை செய்துவருகிறேன். நான் மருத்துவன் அல்லேன். நுண்ணோக்கியில் கண்டதைத் தாளில் எழுதித் தருபவன். ஆனால் வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வருகிறவர்கள் அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்து நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜியார்டியா என்பது பூச்சியா, கிருமியா?

நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி போலக் கண்ணுக்குத் தெரிகிற புழு இனம் அன்று. பாக்டீரியாவும் அன்று. ஒரே உயிரணுவால் ஆன ஒட்டுண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். சிறுகுடலின் மேற்பகுதியில், வயிற்றுப் பக்கம் உள்ள வட்டமான ஒட்டுறுப்பால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு வாழும். குடலை விட்டு வெளியேறும் முன் தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்துக்கொள்ளும். அந்தக் கூடுதான் அடுத்தவருக்குத் தொற்றைக் கொண்டுசெல்கிறது. குளிர்ந்த, ஈரமான இடத்தில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கவல்லது.

இதை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டு லீவன்ஹூக். 1681ஆம் ஆண்டு தமக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது தம் மலத்தையே எடுத்துத் தாம் செய்த லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தார். மாதிரி கொண்டுவரக் கூச்சப்படுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு. சிலர் சிரித்துவிட்டு மறுநாள் டப்பாவோடு வருகிறார்கள்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும்?

கூடுகள் வயிற்றுக்குள் போன அன்றே எதுவும் நேர்வதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் கழித்தே தொல்லை தொடங்குகிறது. ஆகவே நேற்று இரவு தள்ளுவண்டியில் சாப்பிட்ட பானிபூரியின் மேல் பழி போடுவது பெரும்பாலும் பொருந்தாது. போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் குடித்த தண்ணீரைத்தான் நினைத்துப்பார்க்க வேண்டும்.

முதலில் தளர்ந்த, சில நேரம் நீராகவே போகும் மலம். பிறகு அது வெளிறி, பிசுபிசுப்பாகி, எண்ணெய் படர்ந்தாற்போல் மிதக்கத் தொடங்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. நாற்றம் வழக்கத்தைவிட மோசமாக இருக்கும். வயிறு உப்புசம், ஓயாத வாயு, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம், குமட்டல், பசியின்மை, தொப்புளைச் சுற்றிப் பிசையும் வலி ஆகியவை சேர்ந்துகொள்ளும். காய்ச்சல் இருந்தாலும் லேசாகவே இருக்கும். மலத்தில் இரத்தம் வருவதில்லை.

நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது இதன் போக்கை. நான்கு நாள் போகும், இரண்டு நாள் நிற்கும், சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி போகும். இப்படி மூன்று நான்கு வாரம் இழுத்து, சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு எடை குறைந்த பிறகே பலர் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. ஆனாலும் அவர்கள் மலத்தில் கூடுகள் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இதுவும் சீதபேதியும் ஒன்றா?

இல்லை. சளியும் இரத்தமும் கலந்து, முக்கி முக்கிச் சிறிது சிறிதாகப் போகும் சீதபேதி பெருங்குடலின் நோய்; அதற்கு ஒருவகை அமீபாவோ ஷிகெல்லா போன்ற பாக்டீரியாவோ காரணம். அமீபா கல்லீரல்வரை சென்று சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். ஜியார்டியா குடலை விட்டு அப்படிப் பரவுவதில்லை. காலரா இன்னொரு வகை: அரிசி கழுவிய நீர்போல் குடம் குடமாகப் போய், சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். (காலராவின் ஓ139 என்ற புதிய வகை 1992இல் முதன்முதலாக அறியப்பட்டதே இந்தச் சென்னையில்தான், தண்ணீர்வழி நோய்கள் நமக்குப் புதியவை அல்ல.)

எங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்நீர்)தான். பிறகு எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடுதான் கேட்கிறார்கள். கோபத்தில் நியாயமும் உண்டு. புழல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தோ, 2010இல் செயல்படத் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்தோ புறப்படும்போது தண்ணீர் நல்ல தண்ணீர்தான். கோளாறு வழியில் நேர்கிறது. நம் பகுதிகளில் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் ஓடுவதில்லை; விட்டுவிட்டு வருகிறது. ஓடும்போது உள்ளிருக்கும் அழுத்தம் வெளியிலிருப்பதை உள்ளே விடாது. நிற்கும்போது அந்த அழுத்தம் இல்லாமல் போய், குழாயில் எங்காவது விரிசலோ தளர்ந்த இணைப்போ இருந்தால், சுற்றியுள்ள மண்ணில் ஊறிக்கிடக்கும் கழிவுநீர் உள்ளே கசிகிறது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே குறுகிய சந்தில் அருகருகே போகும் தெருக்களில் இது எளிதாக நடக்கும். போதாக்குறைக்கு வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறவர்கள், தண்ணீரோடு அந்தக் கசிவையும் சேர்த்தே இழுக்கிறார்கள்.

தெருவைவிடத் தாழ்வாகப் பள்ளம் தோண்டி, அதற்குள் குழாய் வைத்துக் குடம் பிடிக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் முழங்கால் அளவு சாக்கடை நீர் நின்று, குழாயின் வாய் அதற்குள் மூழ்கிக் கிடக்கும். மறுநாள் அதை இறைத்துவிட்டு அதே குழாயில் குடம் வைக்கிறோம். கார்த்திகை மழை முடிந்த சில வாரங்களில் என் மேசைக்கு வரும் டப்பாக்கள் கூடுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்பது என் கருத்து.

தண்ணீர் மட்டுமே வழி என்றும் சொல்லமுடியாது. பத்துக் கூடுகள் உள்ளே போனாலே தொற்றுவதற்குப் போதும் என்பதால், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போடாமல் துடைத்துவிட்டுச் சோறு பிசைந்தாலும் வரும். அங்கன்வாடியில் ஒரு குழந்தைக்கு வந்தால் மற்ற குழந்தைகளுக்கும் வருவது இப்படித்தான். கழுவாத பச்சைக் கொத்தமல்லி, வெள்ளரிக்காய், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத பார் ஐஸ் போட்ட சர்பத் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறையவைத்தால் எல்லாக் கூடுகளும் செத்துவிடுவதில்லை.

மருந்துக் கடையில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்றது, திரும்ப வந்துவிட்டது. ஏன்?

“பேதிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்டால் நம் கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் இரண்டு மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரை: பாக்டீரியாவுக்கு ஒன்று, ஒட்டுண்ணிக்கு ஒன்று. இரண்டு வேளை போட்டதும் குடல் சற்று அடங்குகிறது, மிச்சத்தை நிறுத்திவிடுகிறோம். ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைந்திருக்குமே தவிர ஒழிந்திருக்காது. அந்த நிலையில் மலத்தைப் பார்த்தால் கூடுகள் கண்ணில் படாமல் போகும். “ஒன்றும் இல்லை” என்று நானும் எழுதித் தருவேன். இரண்டு வாரத்தில் பழைய கதை மறுபடி தொடங்கும்.

பேதியைக் கட்டிப்போடும் லோப்பரமைடு மாத்திரை ஒட்டுண்ணியை எதுவும் செய்யாது. சிறு குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

பத்து நாளைத் தாண்டிய வயிற்றுப்போக்கு என்றால், முதலில் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு மாத்திரையைத் தொடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியை எப்படி எடுத்துவர வேண்டும்?

ஆய்வகத்தில் தரும் மூடிபோட்ட டப்பாவில், புளியங்கொட்டை அளவு போதும். நீராக இருந்தால் இரண்டு தேக்கரண்டி அளவு. சிறுநீரும் கழிப்பறைத் தண்ணீரும் அதில் கலக்கக்கூடாது. ஆகவே முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, காய்ந்த பிளாஸ்டிக் தாளிலோ பழைய கிண்ணத்திலோ போய், அதிலிருந்து எடுக்கவேண்டும். தீப்பெட்டியிலும் மருந்து பாட்டில் மூடியிலும் மடித்த வாழையிலையிலும் கொண்டுவருகிறார்கள். காய்ந்துபோன மாதிரியில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

நேரமும் முக்கியம். நீராகப் போகும் மலத்தில் இருப்பவை கூடு கட்டாத, நீந்தும் உருவங்கள். வெளியே வந்து அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் அவற்றை உயிரோடு காணமுடியும். கெட்டியான மலத்தில் கூடுகள் இருப்பதால் ஓரிரு மணி நேரம் தாமதமானாலும் குற்றமில்லை.

ஒருமுறை பார்த்து “இல்லை” என்றால் இல்லைதானே?

அப்படிச் சொல்லமுடியாது. என்ன செய்கிறோம் என்று சொன்னால் ஏன் என்பது புரியும். கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் ஒரு துளி உப்புநீர், மறுபக்கம் ஒரு துளி அயோடின். இரண்டிலும் குச்சி நுனியளவு மலத்தைக் கரைத்து, மேலே மெல்லிய மூடுசில்லை வைத்து, ஒரு மூலையிலிருந்து வரிசை வரிசையாக நகர்த்திப் பார்க்கிறேன். உயிரோடு நீந்தும் ஜியார்டியா உப்புநீரில், மரத்திலிருந்து உதிர்ந்த அரசிலை காற்றில் புரண்டு புரண்டு இறங்குவதுபோல் அசையும். அயோடின் பக்கத்தில் கூடு பழுப்பு மஞ்சளாக, முட்டை வடிவில், உள்ளே இரண்டு முதல் நான்கு உட்கருக்களோடு அசையாமல் கிடக்கும். சாயம் ஏற்றிய சில்லில் நீந்தும் உருவத்தைப் பார்த்தால், இரண்டு உட்கருவும் இரண்டு கண்கள்போலத் தெரிந்து, யாரோ நம்மைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், கூடுகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கும். நாளை ஒன்றும் இராது. ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பார்த்தால் தொற்றுள்ளவர்களில் கணிசமானோர் தப்பிவிடுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரிகள் பார்த்தால் பெரும்பாலோரைப் பிடித்துவிடலாம். “பணத்துக்காக மூன்று முறை கேட்கிறார்கள்” என்று நினைப்பவர்களுக்கும் இதுதான் விடை. ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையும், அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையும் இன்னும் நுட்பமானவை. வசதியுள்ள ஆய்வகங்களில் கிடைக்கின்றன.

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரியாதா?

தெரியாது. ஜியார்டியா இரத்தத்தில் இருப்பதில்லை. புழுக்கள் இருந்தால் இரத்தத்தில் கூடும் ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களும் இதில் பொதுவாகக் கூடுவதில்லை. மலப் பரிசோதனைகள் தெளிவாக இல்லாமல் நோய் மட்டும் நீண்டால், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கும்படி மருத்துவர் சொல்லக்கூடும்.

அறிக்கையில் “எண்டமீபா கோலை” என்று இருக்கிறது. ஈ.கோலையா? பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இது. எண்டமீபா கோலை என்பது பெருங்குடலில் சும்மா குடியிருக்கும் தீங்கற்ற அமீபா, ஈ.கோலை என்பது பாக்டீரியா. முன்னதற்கு மருந்தே தேவையில்லை. ஆனால் அது இருக்கிறதென்றால், யாருடைய மலமோ கலந்த தண்ணீரையோ உணவையோ உட்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

“எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா கூடு” என்று எழுதியிருந்தால் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அதே உருவத்தில் தீங்கற்ற இன்னொரு அமீபாவும் இருப்பதால், கூட்டை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

என்ன மருந்து கொடுப்பார்கள்?

பெரியவர்களுக்கு வழக்கமாகத் தருவது டினிடசோல்: 2 கிராம், உணவுக்குப்பின், ஒரே வேளை. அல்லது மெட்ரோனிடசோல் ஐந்து முதல் ஏழு நாள். அல்லது நிட்டசாக்சனைடு 500 மில்லிகிராம் நாளைக்கு இருவேளை, மூன்று நாள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். அதை மருத்துவர்தான் கணக்கிடவேண்டும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஸ்டான்லி மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலோ, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையிலோ காட்டிக்கொள்ளலாம்.

மெட்ரோனிடசோலும் டினிடசோலும் வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு சுவையை உண்டாக்கும், சிறுநீர் சற்றுக் கருக்கலாம், இரண்டுமே போய்விடும். மது அருந்துகிறவர்கள் மருந்து எடுக்கும் நாள்களிலும் அது முடிந்து மூன்று நாள்வரையும் தொடக்கூடாது. முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். சனிக்கிழமை மாத்திரை வாங்குகிறவரிடம் இதைச் சற்று உரக்கவே சொல்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில்தான் பூச்சி மாத்திரை கொடுத்தார்களே?

ஒருநாள் காலை ஒரு தாய் ஆறு வயதுப் பையனோடு வந்தார். பையனின் அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தது. “இஸ்கூல்ல பூச்சி மாத்திர குடுத்து ஒரு மாசம் ஆவுதுண்ணே. பூச்சியே இல்லைன்னு சொன்னாங்க. இன்னும் ஏன் போவுது?” என்றார். அன்றைய மாதிரியில் எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது மாதிரியில்தான் கூடுகள் கிடைத்தன.

தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரப்படுவது அல்பெண்டசோல். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு அது நல்ல மருந்து, தவறாமல் கொடுக்கவேண்டும். ஆனால் அந்த ஒரு வேளை ஜியார்டியாவுக்குப் போதாது. ஜியார்டியாவுக்கு அல்பெண்டசோலையே பயன்படுத்தினாலும் ஐந்து நாள் தொடர்ந்து தரவேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு?

கடையில் எதையும் வாங்கிப் போடக்கூடாது. முதல் மூன்று மாதங்களில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது மகப்பேறு மருத்துவரின் வேலை. நோய் லேசாக இருந்தால் தள்ளிவைக்கவும் செய்வார்.

என்ன சாப்பிடலாம்?

பட்டினி போடவேண்டாம். இட்லி, கஞ்சி, குழைந்த சோறு, மோர், வாழைப்பழம் எதற்கும் தடையில்லை. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. மாட்டுப்பாலை மட்டும் சில வாரங்கள் குறைத்துக்கொள்ளலாம். குடற்சுவர் புண்பட்டிருக்கும்போது பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துபோய், பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகும். ஒட்டுண்ணி ஒழிந்த பிறகும் இது கொஞ்ச நாள் நீடிப்பதால், “மருந்து வேலை செய்யவில்லை” என்று பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். அதை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை, பேதி நின்றாலும் முழுதாகப் பதினான்கு நாள் தருவார்கள்.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்?

மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரத்துக்குமேல் சிறுநீர் போகாமை, கண் குழிவிழுதல், குழந்தை துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக்கூடாது.

மருந்து முடிந்தும் வயிறு சரியாகவில்லையே?

மூன்று காரணங்கள் இருக்கலாம். மேலே சொன்ன பால் செரிக்காமை ஒன்று. அதே குடத்துத் தண்ணீரால் மறுபடி தொற்றியிருப்பது இன்னொன்று. ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பு இந்த நோயில் இல்லை. மருந்துக்கு ஒட்டுண்ணி அடங்காமல் போயிருப்பது மூன்றாவது. அப்போது மருத்துவர் வேறு மருந்துக்கு மாறுவார், அல்லது இரண்டைச் சேர்த்துத் தருவார். எது என்று தெரியவேண்டுமானால் மறுபடி மலத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒட்டுண்ணி முற்றிலும் போன பிறகும் வயிற்றுவலியும் சோர்வும் நீடிப்பது சிலருக்கு உண்மையாகவே உண்டு. நார்வேயின் பெர்கன் நகரில் 2004இல் குடிநீர்வழி ஜியார்டியா பரவியபோது பாதிக்கப்பட்டவர்களை மருத்துவர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். “மனப்பிரமை” என்று வீட்டார் தள்ளிவிடக்கூடாது.

கேன் தண்ணீர் வாங்கினால் போதுமா? குளோரின் மாத்திரை?

நிறுவனத்தின் முத்திரை உடையாத, முறையாகச் சுத்திகரித்த கேன் என்றால் சரி. கேனின் வாயையும் அதைக் கவிழ்க்கும் மண்பானையையும் யார் எப்போது கழுவினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். குழாய்நீரில் பாக்டீரியாவைக் கொல்லக் கலக்கும் அளவு குளோரினை இந்தக் கூடு நெடுநேரம் தாங்கும். எனவே குளோரினை மட்டும் நம்பக்கூடாது. வெள்ளைத்துணியில் வடிகட்டினால் கூடு துணியின் இழைகளுக்கு நடுவே நழுவிப் போய்விடும். கொதிக்கவைப்பதுதான் உறுதியானது: தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம். சுடவைப்பதும் கொதிக்கவைப்பதும் வேறு. ஆறிய பிறகு கையை விட்டு மொள்ளாமல், பிடியுள்ள சொம்பால் எடுக்கவேண்டும்.

வீட்டில் எல்லாரும் மருந்து சாப்பிடவேண்டுமா? குழந்தையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

அறிகுறி உள்ளவர்களைப் பரிசோதிக்கவேண்டும். இல்லாதவர்களுக்குச் சும்மா மருந்து கொடுக்கத் தேவையில்லை. ஒரே வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்துகொண்டே இருந்தால், எல்லாருடைய மலத்தையும் ஒரே வாரத்தில் பார்ப்பது நல்லது. பேதி நின்று இரண்டு நாள் ஆனபின் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம். அதுவரை, கழிப்பறைக்குப் போய்வந்தபின் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யவேண்டும். கையில் தடவும் சானிட்டைசர் இந்தக் கூட்டுக்குச் சோப்பு அளவுக்குப் பயன்படாது. அறிகுறிகள் முழுதும் நீங்கிவிட்டால் மறுபரிசோதனைக்காக என்னிடம் வரவேண்டியதில்லை.